அப்பா ‘கேமரா டெஸ்ட்’டுக்கு வர மறுக்கிறார்

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 62 வயது. திருப்பூரில் சாயப்பட்டறையில் 27 வருடம் வேலை பார்த்தவர். பீடிப் பழக்கம் உண்டு. பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் அவருக்குச் சிறுநீர் பீட்ரூட் சாறு மாதிரி சிவப்பாகப் போயிருக்கிறது. வலி எதுவும் இல்லை. உடம்பு சூடு என்று இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் குடித்தார், நின்றுவிட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதே மாதிரி. ஸ்கேன் எடுத்ததில் மூத்திரப்பையின் உள்பக்கம் 2 செ.மீ. அளவில் ஏதோ வளர்ச்சி இருக்கிறதாம். சிஸ்டோஸ்கோபி (சிறுநீர்த் துவாரம் வழியாகக் கேமரா விட்டு மூத்திரப்பைக்குள் பார்ப்பது) செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ‘எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு, அந்த எடத்துல குழாய் உடறதுக்கெல்லாம் நான் வரமாட்டேன்’ என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வேறு ‘கத்தி பட்டா பரவிடும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சி.டி. ஸ்கேனிலேயே பார்த்துக்கொள்ளக் கூடாதா? வலிக்குமா? புற்றுநோயாக இருந்தால் மூத்திரப்பையை எடுத்துவிட்டு வயிற்றில் பை மாட்டிவிடுவார்களா? அப்பாவுக்குச் சுகர் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்திய சொல் ‘நின்றுவிட்டது’ என்பதுதான். மூத்திரப்பைக்குள் இருக்கும் கட்டி தினமும் ரத்தம் கசியாது. ஒருநாள் கசியும், பிறகு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் நாம் எதைக் குடித்தோமோ அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது. வாழைத்தண்டுச் சாறு குடித்தவருக்கு வாழைத்தண்டில் குணமானது, ஆன்டிபயாடிக் சாப்பிட்டவருக்கு ஆன்டிபயாடிக்கில் குணமானது. ஒன்றுமே குடிக்காமல் இருந்திருந்தாலும் நின்றிருக்கும்.

கல் என்றால் பெரும்பாலும் வலி இருக்கும். கிருமித் தொற்று என்றால் எரிச்சலும் அடிக்கடி போகும் அவசரமும் இருக்கும். வலியே இல்லாமல் கண்ணுக்குத் தெரிகிற அளவு ரத்தம் வந்தால், அதுவும் ஐம்பது தாண்டிய, புகைபிடிக்கிற ஒருவருக்கு வந்தால், கட்டி இல்லை என்று உறுதியாகும்வரை நாங்கள் அதைக் கட்டியாகத்தான் நினைத்துத் தேடுவோம். தேடிப் பார்த்தபின் வீங்கிய பிராஸ்டேட்டிலிருந்து (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வந்த ரத்தம் என்று முடிந்தவர்களும் நிறையப் பேர் உண்டு. நானே அப்படி ஒருவன், அதைக் கீழே சொல்கிறேன். உங்கள் அப்பா விஷயத்தில் ஸ்கேனிலேயே ஒன்று தெரிந்துவிட்டது. அதனால் ‘பார்க்கலாமா வேண்டாமா’ என்ற கேள்விக்கு இனி இடமில்லை.

அவருடைய தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பீடிப் புகையில் இருக்கும் நச்சுகள் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலக்கின்றன, சிறுநீரகம் அவற்றை வடிகட்டிச் சிறுநீரில் விடுகிறது, அந்தச் சிறுநீர் மணிக்கணக்கில் பைக்குள் தேங்கி நிற்கிறது. பையின் உட்சவ்வு அதில் ஊறிக்கொண்டே இருக்கிறது. மூத்திரப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம் என்று சொன்னால் ஓ.பி.யில் பலர் நம்புவதில்லை. ‘புகை நெஞ்சுக்குத்தானே போகுது சார்?’ என்பார்கள். சாயத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இன்னும் பழையது. 1895-ல் லுட்விக் ரேன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர், ஃபிராங்ஃபர்ட் பக்கத்தில் சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு மூத்திரப்பையில் கட்டிகள் வந்திருப்பதை எழுதி வைத்தார். அரோமேட்டிக் அமைன் என்ற வகை வேதிப்பொருட்கள்தான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. எல்லாச் சாயமும் அப்படி இல்லை. உங்கள் அப்பா எந்தச் சாயத்தில் கை வைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓ.பி. சீட்டில் தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் ‘கூலி’ என்றே எழுதிவிடுகிறார்கள். அங்கே ‘சாயப்பட்டறை, 27 வருடம்’ என்று எழுதச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

சி.டி. ஸ்கேன் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். சி.டி. தேவைதான், அநேகமாக எடுக்கவும் சொல்வார்கள். ஏனென்றால் சிறுநீரகம், அதிலிருந்து பைக்கு வரும் குழாய்கள், சுற்றியுள்ள நெறிக்கட்டிகள் இவற்றையெல்லாம் கேமரா காட்டாது. ஆனால் பைக்குள் பாசி படிந்ததுபோல் தட்டையாகப் பரவும் ஒரு வகைப் புற்று உண்டு. அது சி.டி.யிலும் தப்பும், அல்ட்ராசவுண்டிலும் தப்பும். சில மில்லிமீட்டர் அளவுள்ள சின்னக் கட்டிகளும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மேல், எந்த ஸ்கேனாலும் ஒரு துண்டு சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைக்க முடியாது. கட்டி என்ன ஜாதி, எவ்வளவு ஆழம் என்று அந்தத் துண்டுதான் சொல்லும்.

இங்கே ஒரு விஷயம், பலருக்கு இதை யாரும் சொல்வதில்லை. ஸ்கேனில் கட்டி தெளிவாகத் தெரிந்துவிட்டால், தனியாக ஒருநாள் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு இன்னொரு நாள் கட்டியைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதுகில் ஊசி போட்டு, ஒரே தடவையில் பார்த்து, அப்போதே எடுத்தும் விடலாம். அப்பாவின் டாக்டரிடம் ‘ரெண்டையும் ஒரே சிட்டிங்ல பண்ண முடியுமா?’ என்று கேளுங்கள். சில சமயம் முதலில் பார்த்துவிட்டுத் திட்டம் போடுவதற்கு அவருக்குக் காரணம் இருக்கலாம், அதைச் சொல்வார். ஆனால் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. அப்பாவின் பயத்தில் பாதி, ‘முழிச்சிட்டு இருக்கும்போதே விடுவாங்களாமே’ என்பதாக இருந்தால் இந்த ஒரு கேள்வியிலேயே அது குறைந்துவிடும்.

விழித்திருக்கும்போதே செய்கிற சிஸ்டோஸ்கோபி என்றால் இப்படித்தான் நடக்கும். வளையும் தன்மையுள்ள கருவி, கனம் ஐந்து மில்லிமீட்டரை ஒட்டி, அதாவது ஒரு சாதாரண பென்சிலைவிட மெல்லிது. நுனியில் விளக்கும் கேமராவும். மல்லாந்து படுக்க வைத்து, மருந்து வைத்துத் துடைத்து, சுற்றிலும் பச்சைத் துணி போர்த்துவார்கள். பிறகு லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த ஜெல்லைச் சிறுநீர்த் துவாரம் வழியாக மெதுவாக உள்ளே ஏற்றுவார்கள். ஜில்லென்று இருக்கும், கொஞ்சம் கடுக்கும். அந்த இடம் மரத்துப்போகக் குறைந்தது ஐந்து நிமிடம் வேண்டும், பத்து நிமிடம் என்றால் இன்னும் நல்லது. அதன்பின் கருவி போகும். கூடவே சலைன் தண்ணீர் பைக்குள் ஓடும், பை விரிந்தால்தான் மடிப்புகளுக்குள் இருப்பது தெரியும். பை நிரம்ப நிரம்ப ‘ஒண்ணுக்கு முட்டுது’ என்ற உணர்வு வரும். கட்டிலிலேயே போய்விடுவோமோ என்று வெட்கப்பட்டு உடம்பை இறுக்கிக்கொள்பவர்கள் உண்டு. போனாலும் பரவாயில்லை, அங்கே அது தண்ணீர்தான், யாரும் தவறாக நினைக்கப் போவதில்லை. மொத்த வேலையும் ஐந்து முதல் பத்து நிமிடம்.

இருபது வருடத்துக்கு மேலாக நோயாளிகளிடம் ‘ஒண்ணும் தெரியாதுங்க, ரெண்டே நிமிஷம்’ என்று சொல்லி வந்தவன் நான். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கே சிறுநீரில் ரத்தம் வந்தது. மேசையில் படுத்தேன். எங்கே என்று சொல்ல வேண்டாம். ஜெல் போட்ட பயிற்சி டாக்டருக்கு அடுத்த கேஸ் காத்திருந்தது போல, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கருவியை எடுத்துவிட்டார். நானும் டாக்டர் என்ற மரியாதையில் வாயைத் திறக்கவில்லை. ஆண்களுக்குச் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய 18 முதல் 20 செ.மீ. நீளம். அதன் கடைசிப் பகுதியில், பிராஸ்டேட்டுக்குச் சற்று முன்னால், சிறுநீரை அடக்கிப் பிடிக்கிற தசை ஒன்று வளையமாக இருக்கிறது. அதுவரை ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அந்த வளையத்தைத் தாண்டும்போதுதான் சுரீர் என்றது. பயத்தில் நான் அதை இறுக்கிப் பிடித்திருந்தேன். மூத்த நர்ஸ் ஒருவர் தலைமாட்டில் நின்றிருந்தார். ‘சார், ஒண்ணுக்குப் போற மாதிரி நெனச்சுக்கோங்க, கால் விரலை ஆட்டுங்க’ என்றார். நான் ஆயிரம் பேருக்குச் சொன்ன அதே வரி. விரலை ஆட்டினேன், தசை தளர்ந்தது, கருவி உள்ளே போய்விட்டது. மூன்று மூச்சு விடுகிற நேரம்தான் அந்தச் சுரீர். பிராஸ்டேட்டில் ஒரு ரத்தக்குழாய் வீங்கிக் கசிந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று திரையில் நானே பார்த்தேன்.

அன்றிலிருந்து ‘ஒண்ணும் தெரியாது’ என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். தெரியும், ஆனால் எங்கே, எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தாங்கிக்கொள்ளலாம். உங்கள் அப்பாவிடமும் அப்படியே சொல்லுங்கள். ஜெல் போட்டபின் ‘கொஞ்ச நேரம் ஆகட்டுங்க’ என்று கேட்க அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். நான் கேட்காமல் விட்டதை அவராவது கேட்கட்டும்.

பெண்களுக்கு அந்தக் குழாய் 4 செ.மீ.தான், சோதனை இன்னும் சுலபம். ஆனால் பெண்களுக்கு வேறொரு கெடுதல் நடக்கிறது. சிறுநீரில் ரத்தம் என்று வந்தால் ‘யூரின் இன்ஃபெக்ஷன்’ என்று ஒரு கோர்ஸ் மாத்திரை, ஆறு மாதம் கழித்து இன்னொரு கோர்ஸ், இல்லாவிட்டால் ‘தீட்டு நிற்கிற வயசு’ என்று ஒரு சமாதானம். கல்ச்சரில் கிருமி எதுவும் வளராமல் ரத்தம் மட்டும் வந்தால், பெண்ணாக இருந்தாலும் உள்ளே பார்த்தாக வேண்டும். இதைப் படிக்கும் சகோதரிகள் தங்களுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனையின்போது பெண் உதவியாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். திரை போடச் சொல்லி ஆண்களும் கேட்கலாம்.

இனி ‘கத்தி பட்டா பரவிடும்’. இந்தப் பேச்சினால் நாளைக் கடத்திவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் சிலருக்கு என்னால் அதிகம் செய்ய முடியவில்லை. மூத்திரப்பைக் கட்டிக்கு வெளியே தோலில் கத்தியே படுவதில்லை. இயற்கையாக உள்ள வழியிலேயே போய், உள்பக்கமிருந்தே சுரண்டி, அதே வழியில் வெளியே எடுக்கிறோம். வயிற்றின் வழியாக ஊசி குத்திச் சதை எடுப்பதை நாங்கள் தவிர்ப்பதே, போகிற பாதையில் செல்கள் சிந்திவிடக் கூடாது என்பதற்காகத்தான். அதாவது பக்கத்து வீட்டுக்காரரின் கவலை எங்களுக்கும் உண்டு, அதற்குத் தகுந்த மாதிரிதான் செய்முறையே அமைந்திருக்கிறது. பரவுவது கத்தியால் அல்ல. உள்சவ்வில் இருக்கும் கட்டியை விட்டுவைத்தால் அது தசைக்குள் வேர் விடலாம், பெரும்பாலும் அங்கிருந்துதான் பரவும்.

மாத்திரைகள் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை இது மிக முக்கியம். இதய ஸ்டென்ட் வைத்தவர் என்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினோ க்ளோபிடோக்ரெலோ இரண்டுமோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வெறுமனே கேமரா விட்டுப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. கட்டியைச் சுரண்டுவதற்கு க்ளோபிடோக்ரெலைச் சில நாட்கள் நிறுத்தச் சொல்வார்கள். எதை, எத்தனை நாள், திரும்ப எப்போது என்பதை இதய டாக்டர் எழுத்தில் தர வேண்டும். ‘ஆபரேஷன்னா ரத்தம் நிக்காதாமே’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது இதைவிடப் பெரிய ஆபத்து. சுகருக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போல ‘ஃப்ளோசின்’ என்று முடிகிற பெயரில் மாத்திரை இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் அவசியம் காட்டுங்கள், அதைச் சாதாரணமாக மூன்று நாளுக்கு முன்பே நிறுத்துவோம். பெயர் நினைவில்லை என்றால் மாத்திரை அட்டைகளையே ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தேதி தள்ளிப்போனால் கோபப்பட வேண்டாம், கிருமியோடு உள்ளே போனால் அது ரத்தத்தில் ஏறிவிடும்.

ஸ்டென்ட் என்ற சொல்லில் ஒரு குழப்பம். இதயத்தில் வைப்பதும் ஸ்டென்ட், சிறுநீரகக் கல் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைவரை உள்ளே வைக்கிற மெல்லிய குழாயான டி.ஜே. ஸ்டென்ட்டும் ஸ்டென்ட். இதயத்தில் வைத்தது அங்கேயே இருக்கும், டி.ஜே.யை எடுத்தே ஆக வேண்டும். எடுப்பதும் இதே சிஸ்டோஸ்கோப்பால்தான். வலி போய்விட்டது என்று ஊருக்குப் போய், அப்படி ஒன்று உள்ளே இருப்பதையே மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான்கு வருடம் கழித்து வந்த ஒருவருக்கு அந்தக் குழாயின் இரண்டு முனையிலும் எலுமிச்சை அளவு கல் கட்டியிருந்தது, இழுத்தால் வராது. ஒரே நாளில் முடிய வேண்டிய வேலைக்கு மூன்று ஆபரேஷன் ஆனது. உங்கள் வீட்டில் யாருக்காவது டி.ஜே. இருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டில் எடுக்க வேண்டிய தேதியைப் பார்த்து காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள்.

கட்டியைச் சுரண்டி எடுப்பதற்கு மருத்துவமனையில் டி.யூ.ஆர்.பி.டி. என்பார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். அப்பா விழித்தே இருப்பார், விரும்பினால் தூங்க மருந்து கொடுப்பார்கள். மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையம், நெல்லிக்காயைச் சீவுவது போலக் கட்டியைச் சீவிச் சீவி எடுக்கும். கட்டி பக்கச் சுவரில் இருந்தால் மின்சாரத்தால் தொடை சட்டென்று உதறும், அதைத் தடுக்கத் தனியாக ஒரு ஊசி போடுவதும் உண்டு. சில இடங்களில் முடிந்த கையோடு, 24 மணி நேரத்துக்குள், மைட்டோமைசின் போன்ற ஒரு மருந்தைப் பைக்குள் விட்டு வைப்பார்கள். உதிர்ந்து மிதக்கும் செல்கள் வேறு இடத்தில் ஒட்டாமல் இருக்க அது.

முடிந்து வார்டுக்கு வரும்போது மூன்று வழிக் குழாய் ஒன்று இருக்கும். ஒரு வழியில் சலைன் உள்ளே போகும், ஒரு வழியில் வெளியே வரும், இன்னொன்று உள்ளே பலூனை ஊத. வெளியே தொங்கும் யூரின் பேக்கில் வருவது முதலில் ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும், மெல்ல வெளுக்கும். உறவினர்கள் பார்த்துப் பதறுவது இங்கேதான். நிறம் வெளுத்துக்கொண்டே வந்தால் நல்லது. திடீரென்று தக்காளிச் சாறு மாதிரிக் கெட்டியானால், அல்லது உள்ளே தண்ணீர் போகிறது வெளியே வரவில்லை, அடிவயிறு உப்பி வலிக்கிறது என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், ரத்தக்கட்டி குழாயை அடைத்திருக்கும். குழாய் இருக்கும்போதே ‘ஒண்ணுக்கு வருது’ என்று அப்பா எழுந்திருக்கப் பார்ப்பார். பலூன் பையின் வாயில் உரசுவதால் வருகிற பொய் உணர்வு அது. முக்கக் கூடாது, குழாயை இழுக்கவே கூடாது. அதிகமாக இருந்தால் மாத்திரை உண்டு. யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது வழியில் இடிக்காமல் இருக்கட்டும் என்று பேக்கைத் தூக்கி நோயாளியின் வயிற்று மேலேயே வைத்துவிடுவார்கள், வெளியே வந்த சிறுநீர் திரும்ப உள்ளே போகும். தரையிலும் போடக் கூடாது. நடக்க ஆரம்பித்ததும் பேக்கை ஒரு மஞ்சப்பைக்குள் வைத்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வராந்தாவில் நடப்பவர்களைப் பார்க்கிறேன். கடைக்குப் போகிறவர் மாதிரி இருக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் அப்பாவுக்கு அந்த யோசனை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் குழாயை எடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து பத்து, பதினைந்து நாள் கழித்து, உள்ளே ஆறிய புண்ணின் பொருக்கு உதிரும்போது மறுபடி லேசாகச் சிவப்பாகப் போகலாம். தண்ணீர் நன்றாகக் குடித்தால் தெளிந்துவிடும் (இதய டாக்டர் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் அவரைக் கேட்டுக்கொண்டு). மூன்று வாரம் கனம் தூக்க வேண்டாம், பைக்கில் தூரப் பயணம் வேண்டாம், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, கட்டி கட்டியாக ரத்தம் இந்த மூன்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறும் சிஸ்டோஸ்கோபிக்குப் பிறகும் இதே விதிதான். ஓரிரு நாள் எரிச்சலும் ரோஸ் நிறமும் மட்டும் என்றால் பயமில்லை.

எடுத்த துண்டைப் பரிசோதித்த பயாப்சி ரிப்போர்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதைக் கையில் வாங்கியதும் ‘கேன்சர்’ என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கட்டி எவ்வளவு வீரியமானது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது. அதோடு மூன்றாவதாக ஒன்று, இது படித்தவர்கள்கூடக் கேட்பதில்லை: அனுப்பிய துண்டில் பையின் தசை இருந்ததா? தசையே அந்தத் துண்டில் இல்லை என்றால், தசைக்குள் பரவவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட நிலையிலும், கட்டி சவ்வின் அடுத்த அடுக்குவரை போயிருந்தாலும், இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுபடி ஒருமுறை சுரண்டிப் பார்ப்பார்கள். ‘முதல் தடவை சரியா எடுக்கலையா?’ என்று சண்டைக்குப் போக வேண்டாம். அது முறையான வைத்தியத்தில் ஒரு படி.

புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிற மூத்திரப்பைப் புற்றுகளில் ஏறக்குறைய முக்கால்வாசி தசையைத் தொடாதவைதான். அவர்களில் பெரும்பாலோருக்கு மூத்திரப்பையை எடுக்கும் பேச்சே முதலில் இல்லை. ஆனால் இந்தக் கட்டிக்குத் திரும்பத் திரும்ப முளைக்கிற குணம் உண்டு. கோரைப்புல் பிடுங்கிய வயல் மாதிரி, பிடுங்கியதோடு முடியாது, போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது மாதத்தில் ஒரு சிஸ்டோஸ்கோபி, அதன்பின் கட்டியின் வீரியத்தைப் பொறுத்து வருடக்கணக்கில் கெடு வைத்து. என் அனுபவத்தில் ஆட்கள் விட்டுப்போவது முதல் ஆபரேஷனில் அல்ல, இந்தக் கெடுக்களில்தான். இரண்டு தடவை ‘நல்லா இருக்கு’ என்று சொன்னால் மூன்றாவது தடவை வருவதில்லை.

வீரியமான கட்டி என்றால் பி.சி.ஜி. கொடுப்பார்கள். பிறந்த குழந்தைக்கு இடது தோளில் போட்டுத் தழும்பு விழுமே, அதே பி.சி.ஜி.தான், அளவு மிக அதிகம். கிண்டியில் 1948-லிருந்து தடுப்பூசிக்காகத் தயாரித்து வந்த அந்த டி.பி. மருந்தை மூத்திரப்பைக்குள் விட்டால் கட்டி திரும்புவது குறைகிறது என்று 1976-ல் கனடாவில் ஆல்வரோ மொராலஸ் என்ற டாக்டர் எழுதினார். இன்றும் அதற்கு இணையாக எளிதில் வேறொன்று கிடைத்துவிடவில்லை. புண் ஆறக் குறைந்தது இரண்டு வாரம் விட்டு, வாரம் ஒருமுறை ஆறு வாரம். சின்னக் குழாய் வழியாக மருந்தை உள்ளே விட்டு, குழாயை எடுத்துவிடுவார்கள். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருந்து பிறகு போக வேண்டும். மருந்தில் உயிருள்ள கிருமி இருப்பதால் அன்று ஆறு மணி நேரம்வரை உட்கார்ந்தே போகட்டும், ஒவ்வொரு முறையும் டாய்லெட்டில் ப்ளீச்சிங் கரைசல் ஊற்றி கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் விடுங்கள். எரிச்சல், ஒருநாள் லேசான காய்ச்சல் சகஜம். அன்று காலை சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ சொல்லிவிடுங்கள், அந்த வாரம் தள்ளிப்போடுவார்கள். சொல்லாமல் போட்டுக்கொண்டால்தான் சிக்கல்.

வயிற்றில் பை மாட்டுவது, மூத்திரப்பையையே எடுக்க வேண்டியவர்களுக்கு மட்டும். பெரும்பாலும் கட்டி தசைக்குள் போய்விட்டவர்களுக்குத்தான் அந்த நிலை வரும். அங்கும் குடலிலிருந்து புதிய பை தைப்பது, மூத்திரப்பையை விட்டுவைத்து ரேடியேஷனும் கீமோவும் கொடுப்பது என்று சிலருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. ரிப்போர்ட் வரும் முன்பே அந்தப் பேச்சை வீட்டில் எடுக்காதீர்கள். செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டுக் கவுண்டரில் காட்டுங்கள். சேர்ந்து பணம் கட்டியபின் கேட்டால் சிரமம்.

பீடியை இப்போதாவது விடச் சொல்லுங்கள். ‘வந்தது வந்துடுச்சு, இனிமே விட்டு என்ன?’ என்பார். கட்டி திரும்ப வருவதில் அதற்குப் பங்கு இருக்கிறது, அதனால் இப்போது விட்டாலும் லாபம்தான்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. இந்த வயது ஆண்கள் ‘குழாய் விடமாட்டேன்’ என்று சொல்லும்போது பல நேரம் வலியைப் பற்றிப் பேசவில்லை. ‘அதுக்கப்புறம் ஆம்பளத்தனம் போயிடும்’ என்று டீக்கடையில் யாரோ சொல்லியிருப்பார்கள், மகளிடம் அதைக் கேட்க முடியாது. சிஸ்டோஸ்கோபியாலோ கட்டியைச் சுரண்டுவதாலோ அது போகாது. ஆனால் இதை நீங்கள் சொல்ல வேண்டாம், டாக்டர் வாயால் அவர் கேட்க வேண்டும். அப்பாவோடு ஓ.பி.க்குப் போங்கள், ஸ்கேன் படத்தையும் மாத்திரைக் கவரையும் மேசையில் வையுங்கள், உங்கள் கேள்விகளை எல்லாம் கேட்டு முடியுங்கள். பிறகு ‘மருந்துச் சீட்டு வாங்கிட்டு வரேன்’ என்று எதையாவது சொல்லி வெளியே வந்து, ஐந்து நிமிடம் அவரைத் தனியாக விடுங்கள். உள்ளே என்ன பேசினார் என்று வீட்டுக்கு வந்து விசாரிக்காதீர்கள்.